ஜே-1 டாக்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறீர்களா? தேதி குறிக்கும் முன் இதைப் பேசிவிடுங்கள்

"பொண்ணு அமெரிக்கன் சிட்டிசன், அப்புறம் என்ன, மாப்பிள்ளைக்கு ஒரே வருஷத்துல கிரீன் கார்டு வந்துரும்." எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது இதைச் சொல்லாத சொந்தக்காரர்களே இல்லை. மாப்பிள்ளை எச்-1பி-யிலோ மாணவர் விசாவிலோ இருந்தால் இது ஏறக்குறைய உண்மைதான், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். ஆனால் என் கணவர் ஜே-1 விசாவில் ஓஹையோவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியில் இருந்து பெறும் மருத்துவ மேற்பயிற்சி, செய்துகொண்டிருந்த டாக்டர். ஜே-1 டாக்டருக்கு மனைவி சிட்டிசனாக இருப்பது மட்டும் போதவே போதாது. 2019 டிசம்பரில் மதுரையில் கல்யாணம், கிரீன் கார்டு கைக்கு வந்தது 2025-இல். இடையில் இருந்த வருடங்கள் எப்படிப் போயின, எதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். மேட்ரிமோனி தளங்களில் விசா என்ற கட்டத்தில் 'ஒர்க் விசா' என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள், அது ஜே-1-ஆ எச்-1பி-யா என்று பெண் வீட்டில் கேட்பதே இல்லை. அந்த ஒரு கேள்வி உங்கள் முதல் ஐந்தாறு வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

விதி இதுதான். ஜே-1 என்பது பரிமாற்றத்துக்கு வருகிறவர்களுக்கான விசா. வந்து கற்றுக்கொண்டு, அதைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம். அதனால் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்துவிட்டு வா என்ற நிபந்தனை 1956-இலேயே சட்டத்தில் வந்துவிட்டது. குடியேற்றச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இதை 212(இ) என்பார்கள். எல்லா ஜே-1 காரர்களுக்கும் இது கிடையாது. மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் மாட்டும்: அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ அந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உங்கள் துறை உங்கள் நாட்டுக்கான ஸ்கில்ஸ் லிஸ்டில், அதாவது அந்த நாட்டுக்குத் தேவையான துறைகளின் பட்டியலில், இருக்க வேண்டும், அல்லது ரெசிடென்சி, ஃபெல்லோஷிப் போன்ற மருத்துவப் பயிற்சிக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாவது 1976-இல் சேர்ந்தது. ரெசிடென்சிக்காக ஜே-1-இல் வந்த ஒரு டாக்டரும் இதிலிருந்து தப்ப முடியாது.

மாட்டினால் என்ன ஆகும்? அந்த இரண்டு வருடத்தை முடிக்கும் வரை, அல்லது வேவர் (அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு) வாங்கும் வரை, எச், எல், கே வகை விசாக்களும் கிரீன் கார்டும் கிடையாது. சிட்டிசன் மனைவி கணவருக்காக ஐ-130 என்ற உறவு மனு போடலாம், கல்யாணம் உண்மையானது என்று அது அப்ரூவ் கூட ஆகிவிடும். ஆனால் அதற்கு அடுத்த படியான ஐ-485, அதாவது கிரீன் கார்டு விண்ணப்பம், நிராகரிக்கப்படும். எங்களுக்கு முதலில் ஆலோசனை சொன்ன வக்கீல் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம், சிட்டிசன் கேஸ்தானே என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார். அவருடைய மேசையில் என் கணவரின் டிஎஸ்-2019 படிவம், அதாவது ஜே-1 பயிற்சிக்கான சான்றுத் தாள், கிடந்தது, ஒரு தடவைகூட அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. டாக்டர்களின் ஜே-1 கேஸ்களை மட்டுமே பார்க்கும் இன்னொரு வக்கீலிடம் போனபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. பொதுவாகக் குடியேற்ற வழக்கு பார்ப்பவர்களிடம் இந்தக் கேஸைக் கொடுக்காதீர்கள். "கான்ராட் வேவர் எத்தனை செய்திருக்கிறீர்கள், எந்தெந்த மாநிலத்தில்" என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்). செய்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

டாக்டர் அல்லாதவர்கள் விசா ஸ்டாம்பையும் டிஎஸ்-2019-இன் கீழ்ப்பகுதியையும் பாருங்கள், இரண்டு வருட விதி பொருந்தும், பொருந்தாது என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பு தவறாக இருப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் வேவர் பிரிவுக்கு எழுதி அதிகாரபூர்வமான கருத்து கேட்டு வாங்கலாம். என் சித்தி பையன் பிஎச்.டி-க்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு, போஸ்ட்டாக்காக, வந்தவன், ஸ்கில்ஸ் லிஸ்டால் மாட்டியிருந்தான். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி வெளியான புதிய பட்டியலில் இந்தியாவே இல்லை, அதற்கு முன்னால் வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்பதால் அவனுக்குப் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்தது. ஆனால் ஃபுல்பிரைட்-நேரு மாதிரி அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் மாற்றத்தால் எந்தப் பயனும் இல்லை. டாக்டர்களுக்கும் இல்லை.

சரி, எங்களுக்கு என்னென்ன வழிகள் இருந்தன?

இந்திய அரசிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கும் வழி, நோரி என்று எல்லோரும் சொல்வார்களே, அது ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு, ரெசிடென்சி டாக்டர்களுக்குச் சட்டப்படியே கிடையாது. டெல்லியில் ஆள் இருக்கிறார், வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஜே-1 வாங்குவதற்கே நம் சுகாதார அமைச்சகம் ஒரு கடிதம் தர வேண்டியிருக்கிறது, இந்தத் துறைக்கு நாட்டில் தேவை இருக்கிறது, இவர் பயிற்சி முடித்துத் திரும்பி வருவதாக எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று.

அடுத்தது, எழுதிக்கொடுத்தபடியே திரும்பிப் போவது. இதை நாங்கள் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். என்னிடம் ஓசிஐ அட்டை இருக்கிறது, மதுரையில் தங்கலாம், வேலையும் பார்க்கலாம். இரண்டு வருடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை, விட்டுவிட்டு இருந்தாலும் கூட்டிக்கொள்வார்கள், ஆனால் இந்திய மண்ணில் இருந்த நாட்கள் மட்டுமே கணக்கு. துபாயிலோ லண்டனிலோ வேலை பார்த்தால் அது சேராது. முடித்தபின் சிட்டிசன் மனைவியின் மனு வழியாக மும்பைத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்கி வரலாம். என் அத்தைக்கு இந்த வழிதான் பிடித்திருந்தது. "ரெண்டு வருஷம்தானேம்மா, மாடி போர்ஷன் சும்மாதான் கெடக்கு, நீங்க வந்தா பெயிண்ட் அடிச்சு வச்சிருவேன்" என்று போனில் சொன்னார்கள், அதில் ஒரு நியாயம் இருந்தது, ஒரு ஆசையும் இருந்தது. நல்ல வழிதான். குழந்தை பிறப்பதற்கு முன்னால், பெற்றோருக்கு வயதாகிக்கொண்டிருக்கும்போது, ஊரில் வேலை செய்ய மனமுள்ள டாக்டர் இதைத் தாராளமாக யோசிக்கலாம். எங்களுக்குத் தடையாக இருந்தது என் அம்மா. நியூ ஜெர்சியில் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், கூட இருக்க நான் ஒருத்திதான்.

அந்தக் காரணத்தை வைத்தே ஹார்ட்ஷிப் வேவர் கேட்கலாமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. சிட்டிசன் அல்லது கிரீன் கார்டு உள்ள மனைவிக்கோ கணவருக்கோ குழந்தைக்கோ அசாதாரணமான கஷ்டம் வரும் என்று நிரூபிக்க வேண்டும், ஐ-612 என்ற படிவம். இதில் இரண்டு பக்கமும் காட்ட வேண்டும் என்பது 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்து தொடர்ந்து வரும் நடைமுறை: கணவரோடு நானும் இந்தியா போனால் எனக்கு என்ன கஷ்டம், நான் இங்கேயே இருந்து அவர் மட்டும் போனால் என்ன கஷ்டம். முதலாவதை நான் காட்டிவிடுவேன், அம்மாவை விட்டுப் போக முடியாது. இரண்டாவதில்தான் பிடி இல்லை. பிரிந்திருப்பது, இரண்டு வீட்டுச் செலவு, மன வேதனை, இதெல்லாம் யாருக்கும் வரக்கூடிய கஷ்டம் என்று தள்ளிவிடுவார்கள். தவிர, என் அம்மாவின் கஷ்டம் நேரடியாகக் கணக்கில் வராது, அதனால் எனக்கு என்ன பாதிப்பு என்பதுதான் வரும். குடியேற்றத் துறை ஒத்துக்கொண்டாலும் கோப்பு வெளியுறவுத் துறைக்குப் போகும், அவர்கள் இந்தப் பரிமாற்றத் திட்டத்தின் நோக்கத்தையும் எடைபோட்டுத்தான் பரிந்துரைப்பார்கள். மனைவிக்கோ குழந்தைக்கோ தீவிரமான நோய், இந்தியாவில் கிடைக்காத சிகிச்சை, அதற்கு ஆதாரமாக மருத்துவப் பதிவுகள் என்று இருக்கும் வீடுகளில் இந்த வழியை முதலில் பாருங்கள், ஏனென்றால் இதில் கிடைத்துவிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் மூன்று வருட சேவைக் கட்டாயம் இல்லை, சிட்டிசனின் கணவர் நேராக கிரீன் கார்டுக்கே போட்டுவிடலாம். எங்கள் கேஸ் பலவீனம் என்று வக்கீல் முகத்துக்கு நேராகச் சொன்னார், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

மிஞ்சியது கான்ராட் 30. வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த சட்டம், 1994. டாக்டர் பற்றாக்குறை என்று அரசு குறித்து வைத்திருக்கும் பகுதியில், வாரம் 40 மணி நேரம், மூன்று வருடம், எச்-1பி-யில் வேலை செய்தால் இரண்டு வருட விதி தள்ளுபடி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம், ஆரம்பத்தில் 20-ஆக இருந்தது 2002-இல்தான் 30 ஆனது. இந்த எச்-1பி-க்கு லாட்டரி கிடையாது. ஒன்றை நன்றாகக் கவனியுங்கள், இதுதான் எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் புரியாதது: இந்த வழியில் வேவர் வாங்கிவிட்டால், மனைவி சிட்டிசனே ஆனாலும், மூன்று வருட வேலையை முடிக்கும்வரை கிரீன் கார்டு கிடையாது. "அதான் வேவர் வந்துருச்சே, இன்னும் ஏன் போடல?" என்று மாமா மாதத்துக்கு ஒருமுறை கேட்பார்கள்.

வேலை தேடுவதை ரெசிடென்சியின் கடைசி வருடம் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, பல மாநிலங்கள் அந்தச் சமயத்தில்தான் விண்ணப்பங்களைத் திறக்கின்றன. போட்டி அதிகமுள்ள மாநிலங்களில் சீக்கிரமே இடம் நிரம்பிவிடும், சில மாநிலங்களில் வருடக் கடைசி வரை காலியாகவே கிடக்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. ஒன்று பிரைமரி கேர் டாக்டர்களுக்கு முன்னுரிமை தரும், இன்னொன்று ஆஸ்பத்திரியில் மட்டும் பார்க்கும் ஹாஸ்பிட்டலிஸ்டை யோசித்து யோசித்து எடுக்கும். அதனால் முதலில் மாநிலத்தின் விதியைப் படித்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரியைத் தேடுங்கள். அம்மாவுக்காக நியூ ஜெர்சிக்குப் பக்கத்திலேயே தேடினோம், அமையவில்லை. கடைசியில் கன்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டே போனோம். சம்பளத்தைப் பேசும் முன் அந்த ஊரில் டயாலிசிஸ் மையம் இருக்கிறதா, இடம் தருவார்களா என்று நான் போன் செய்து விசாரித்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தை மனைவியும் வரிக்கு வரி படியுங்கள். வேலையை விட்டபின் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் சேரக்கூடாது என்ற நிபந்தனையைப் பல மாநிலங்கள் இந்த ஒப்பந்தங்களில் அனுமதிப்பதில்லை, இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் விட்டால் எவ்வளவு நஷ்டஈடு என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். மிக முக்கியமாக, ஆஸ்பத்திரி மூடிவிட்டால் அல்லது அங்கே டாக்டரை நடத்தும் விதம் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று வக்கீலிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று நிரூபித்தால் வேறு பற்றாக்குறைப் பகுதிக்கு மாறி மிச்ச வருடங்களை முடிக்க வழி உண்டு. அது தெரியாமல் மோசமான இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் டாக்டர்களை எனக்குத் தெரியும்.

காகித வேலையின் வரிசை இப்படி: டிஎஸ்-3035 படிவத்தை இணையத்தில் நிரப்பி 120 டாலர் கட்டினால் கேஸ் எண் வரும், அந்த எண்ணை அனுப்பும் தாள்களிலெல்லாம் எழுத வேண்டும். மாநிலச் சுகாதாரத் துறை ஒத்துக்கொண்டால் வெளியுறவுத் துறைக்கு அனுப்பும், அவர்கள் பரிந்துரைத்தால் குடியேற்றத் துறை முடிவு செய்யும், அதன் பிறகு ஆஸ்பத்திரி எச்-1பி மனு போடும். வேவர் வந்து 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும். வெளியுறவுத் துறையின் பரிந்துரை வந்துவிட்டால் ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. கார்டியாலஜியோ வேறு ஃபெல்லோஷிப்போ படிக்க ஆசை இருந்தால் அதை ஜே-1-இலேயே முடித்துவிட்டு வேவருக்கு வாருங்கள், இல்லையென்றால் மூன்று வருட சேவைக்குப் பிறகு என்று தள்ளிவையுங்கள். என் கணவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இப்போது விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று வந்த உத்தரவு, அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து விசா நிலையை மாற்றுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை விளக்கியிருக்கிறது. ஆகவே மனு நிலுவையில் இருக்கும்போது தங்கை கல்யாணம், வளைகாப்பு என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

கல்யாணத்தை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். ஜே-1 என்பது திரும்பிப் போகிறேன் என்று சொல்லி வாங்கும் விசா. ஸ்டாம்பு காலாவதியாகி, சிட்டிசனைக் கட்டிக்கொண்டு, சென்னைத் துணைத் தூதரகத்தில் மறுபடி ஸ்டாம்பிங் போய் நின்றால் அதிகாரி நம்ப மாட்டார். ரெசிடென்சி நடுவில் அறுந்துவிடும். என் கணவரின் ஸ்டாம்பில் இன்னும் காலம் பாக்கி இருந்ததால்தான் மதுரையில் வைத்தோம். பாக்கி இல்லாதவர்கள் அமெரிக்காவிலேயே கோயிலில் வைத்துக் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்துகொள்வது உத்தமம். ஊரில் வைத்தால் தாலி கட்டிய கையோடு பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள், தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும், பத்திரிகையும் மண்டப ரசீதும் ஐ-130-க்குப் போதாது. அந்த ஐ-130-ஐயும் நாங்கள் ஜே-1-இல் இருக்கும்போது போடவில்லை, எச்-1பி-க்கு மாறிய பிறகே போட்டோம். சிட்டிசனின் கணவருக்கு வரிசை கிடையாது என்பதால் முன்கூட்டிப் போட்டு ஒரு லாபமும் இல்லை.

கன்சாஸில் நாங்கள் இருந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். மாட்டுப் பட்டிகளும் இறைச்சி ஆலையும்தான் அந்த ஊரின் பிழைப்பு, தெற்கிலிருந்து காற்றடித்தால் துணி காயப்போட முடியாது. இந்திய மளிகைக்கு விச்சிட்டா வரை போக வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆனால் ஆலையில் வேலை செய்யும் வியட்நாம்காரர்களுக்காக ஒரு கடை இருந்தது, அதன் ஃப்ரீசரில் நறுக்கி உறைய வைத்த முருங்கைக்காய் கிடைக்கும். அம்மாவுக்குப் பொட்டாசியம் ஆகாது என்று அளந்துதான் போடுவேன், சாம்பாரில் இரண்டு துண்டு மிதந்தாலே அம்மா முகம் மாறிவிடும். கத்தி பிடித்துப் பிடித்து விரல் மடங்காமல் போன ஆலைத் தொழிலாளர்கள், மொழிபெயர்ப்பாளரைப் போனில் வைத்துக்கொண்டு பேசும் சோமாலியப் பாட்டிகள், இவர்கள்தான் என் கணவரின் நோயாளிகள். அவர் வருவதற்கு முன் அந்தப் பதவி நீண்ட நாள் காலியாக இருந்ததாம். இந்த வேவரைக் கடமைக்குக் கழிக்கும் தண்டனை மாதிரிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அங்கே ஒரு டாக்டர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தது, சிட்டிசன் என்பதால் விசாத் தொல்லையும் இல்லை. ஊரிலிருந்து ஜே-1 டாக்டரைக் கட்டிக்கொண்டு வரும் பெண்களின் நிலை வேறு, அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நீங்கள் ஜே-1 காரரின் மனைவிக்கான ஜே-2 விசாவில் வருவீர்கள், அதில் அனுமதி வாங்கி வேலைக்குப் போகலாம். ஆனால் கணவரின் இரண்டு வருட விதி உங்கள்மேலும் விழும். அவருக்கு வேவர் கிடைத்தால் உங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும், அதே சமயம் நீங்கள் எச்-1பி காரரின் மனைவிக்கான எச்-4-க்கு மாறுவீர்கள், அதில் வேலை செய்யும் அனுமதி தானாக வராது, கணவரின் வேலைவழி கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஆளரவமில்லாத ஊரில் சும்மா உட்கார வேண்டியிருக்கும் என்பது முன்பே தெரிந்தால் அந்த நேரத்தில் ஒரு படிப்பையாவது திட்டமிடலாம். இன்னும் ரெசிடென்சி இடம் கிடைக்காத (மேட்ச் ஆகாத) மாப்பிள்ளை என்றால் அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் 3 தேர்வை முன்கூட்டியே முடிக்கச் சொல்லுங்கள், எச்-1பி-யிலேயே ரெசிடென்சி தரும் இடங்கள் உண்டு, அங்கே சேர்ந்தால் இந்த விதியே கிடையாது.

மூன்று வருடம் முடிந்ததும் ஐ-485 போட்டோம். அதற்கு உதவியது முதல் நாளிலிருந்து சேர்த்து வைத்த சம்பளச் சீட்டுகளும் வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவங்களும், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை முழுநேரமாக இங்கே வேலை செய்தார் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் லெட்டர்ஹெட்டில் கொடுத்த கடிதமும்தான். அந்தக் கடிதத்தைக் கடைசி நாள் வேலை முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், நிர்வாகி மாறிவிட்டால் அலைய வேண்டியிருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் எங்களுக்கு நிபந்தனை கிரீன் கார்டு தரவில்லை, நேராகப் பத்து வருட அட்டையே வந்தது.